வைரத்திலிருந்து சிறுநீரகக் கல்லுக்கு: கேத்லீன் லான்ஸ்டேல் திறந்த பாதை

கேள்வி: "எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். சிறுநீரகக் கல், அதுபோல உடம்புக்குள் படிகம் உண்டாவதால் வரும் நோய்கள் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசை. 'அது டாக்டர்கள் வேலை, உனக்கு அங்கே என்ன இருக்கிறது?' என்று வீட்டில் கேட்கிறார்கள். மருத்துவம் படிக்காத ஒருவர் இந்தத் துறையில் உருப்படியாக ஏதாவது செய்திருக்கிறாரா?"

செய்திருக்கிறார்கள். அதுவும் ஓரத்தில் நின்று கைகொடுத்தவர்களாக இல்லை. கேட்க வேண்டிய கேள்வியையே மாற்றிக் கொடுத்தவர்களாக. பல பெயர்கள் சொல்லலாம் என்றாலும் ஒருவரை மட்டும் எடுத்து விரிவாகச் சொல்கிறேன். அவர் கேத்லீன் லான்ஸ்டேல். இயற்பியல் பட்டம் வாங்கி, வேதியியல் பேராசிரியராகி, அறுபது வயதை ஒட்டி மனித உடம்பின் கற்களைக் கையில் எடுத்தவர். கல்லூரியில் படிகவியல் நடத்தும்போது மாணவர்களிடம் நான் அதிகம் பேசுவது இவரைப் பற்றித்தான்.

1903இல் அயர்லாந்தின் நியூபிரிட்ஜில், பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. அவர் படித்த பெண்கள் பள்ளியில் இயற்பியலும் வேதியியலும் சரியாக இல்லாததால், அந்தப் பாடங்களுக்குப் பக்கத்திலிருந்த ஆண்கள் பள்ளிக்குப் போய் உட்கார்ந்தார். 1922இல் லண்டன் பல்கலைக்கழக இயற்பியல் தேர்வில் முதலிடம். தேர்வாளர்களில் ஒருவர் வில்லியம் ஹென்றி பிராக். எக்ஸ் கதிரைப் படிகத்தில் செலுத்தி அணுக்களின் அடுக்கை அறியும் முறைக்காக மகனோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கியவர். அவர் அந்தப் பெண்ணை அப்படியே தன் ஆய்வுக்குழுவுக்கு அழைத்துக்கொண்டார்.

1929இல், லீட்ஸில் இருந்தபோது, ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்த பென்சீன் வளையம் தட்டையானது என்று நிரூபித்தார். அதுவரை வேதியியலாளர்கள் வாதாடிக்கொண்டிருந்த விஷயம் அது. ஹெக்ஸாமெத்தில்பென்சீன் படிகத்தை எடுத்துக்கொண்டு, கணக்கு முழுவதையும் கையாலேயே போட்டார். அப்புறம் குழந்தைகள் பிறந்தன. வீட்டுவேலைக்கு ஆள் வைத்துக்கொள்ள 300 பவுண்ட் உதவித்தொகை வாங்கிக் கொடுத்து அவரைத் திரும்ப ஆய்வுக்குக் கொண்டுவந்தவர் பிராக்தான். ஒரு பெண் விஞ்ஞானிக்கு என்ன தடை என்று சரியாகக் கண்டு, அதற்கு மட்டும் பணம் கொடுத்த இந்தச் செயலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் உண்டு. வத்திராயிருப்பில் பிறந்து, ராமன் விளைவு ஆய்வில் ராமனோடு நின்ற கே.எஸ். கிருஷ்ணன் அப்போது கல்கத்தாவில் இருந்தார். அவரும் லான்ஸ்டேலும் சேர்ந்து, படிகத்தின் காந்தப் பண்பிலிருந்து உள்ளே மூலக்கூறுகள் எந்தத் திசையில் படுத்திருக்கின்றன என்று கண்டுபிடிக்கும் வழியைப் பற்றி 1936இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார்கள்.

போர்க்காலத்தில், போரை எதிர்க்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் நம்பிக்கை காரணமாக, குடிமைப் பாதுகாப்புப் பணிக்குப் பதிவு செய்ய மறுத்தார். சிறு பிள்ளைகளின் தாய் என்பதால் பதிவு செய்திருந்தால் விலக்கே கிடைத்திருக்கும். ஆனாலும் கொள்கை கொள்கைதான் என்றார். 2 பவுண்ட் அபராதம் கட்டவும் மறுத்ததால் 1943இல் ஹாலோவே சிறையில் ஒரு மாதம். இரண்டே ஆண்டில், 1945இல், ராயல் சொசைட்டியில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட இரு பெண்களில் ஒருவரானார். மற்றவர் நுண்ணுயிரியலாளர் மார்ஜரி ஸ்டீபன்சன். 1949இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியர். வைரங்களைப் பற்றி அவர் செய்த வேலைக்காக, விண்கல்லில் கிடைத்த அறுகோண வடிவ வைரத்துக்கு 1967இல் லான்ஸ்டேலைட் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த இருவரில் ஒருவரான ஹார்வர்டின் கிளிஃபோர்ட் ஃப்ரான்டலை நினைவில் வையுங்கள், அவர் மறுபடி வருவார்.

இவ்வளவு பெயர் எடுத்தவர், 1960களில் சிறுநீர்ப்பைக் கற்களையும் சிறுநீரகக் கற்களையும் பித்தப்பைக் கற்களையும் மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, அதுவரை கல்லை எப்படிப் பார்த்தார்கள் என்று தெரிய வேண்டும்.

ஒரு கல்லை எடுத்து, முழுவதையும் பொடியாக்கி, அமிலத்தில் கரைத்து, "கால்சியம் இருக்கிறது, ஆக்சலேட் இருக்கிறது, கொஞ்சம் பாஸ்பேட்" என்று பட்டியல் கொடுப்பதுதான் வழக்கமான சோதனை. அந்தப் பட்டியலில் இரண்டு விஷயங்கள் தொலைந்துபோகின்றன. முதலாவது, எந்தப் படிகம் என்பது. கால்சியம் ஆக்சலேட்டுடன் ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்தால் ஒரு படிகம், இரண்டு சேர்ந்தால் வேறொரு படிகம். ஒரு நீர் கொண்டது கெட்டியானது, அதிர்வலை சிகிச்சையில்கூட எளிதில் உடையாது. இரண்டு நீர் கொண்டது ஓரளவு இணங்கும். சிறுநீரில் ஆக்சலேட் கூடினால் முதல் வகையும், கால்சியம் கூடினால் இரண்டாம் வகையும் அதிகம் வரும் என்பது பிற்காலத்தில் தெளிவானது. வேதிச்சோதனைக்கு இரண்டும் ஒன்றுதான். யூரிக் அமிலம், அதன் உப்பான யூரேட் கதையும் அப்படியே: யூரிக் அமிலமா, நீர் சேர்ந்த யூரிக் அமிலமா, அமோனியம் யூரேட்டா என்பதை வைத்து நோயின் காரணமே மாறிவிடும்.

இரண்டாவதாகத் தொலைவது வரிசை. நடுவில் என்ன, அதன் மேல் என்ன, வெளியே என்ன? பொடியாக்கிய பிறகு அதை யாராலும் சொல்ல முடியாது.

படிகவியல் இங்கேதான் கைகொடுக்கிறது. கல்லை மெல்லிய ரம்பத்தால் நடுவாக அறுக்கிறார்கள். வெட்டுமுகத்தில் வளைய வளையமாக அடுக்குகள் தெரியும். சில பழுப்பு, சில வெள்ளை, சில மெழுகுபோல. ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஊசிமுனையால் துளியூண்டு சுரண்டி எடுத்து எக்ஸ் கதிர் வழியில் வைத்தால், பிலிமில் வளைகோடுகள் வரிசையாக விழும். ஒவ்வொரு கோட்டின் இடத்திலிருந்தும் படிகத்துக்குள் அணுத்தளங்கள் எவ்வளவு இடைவெளியில் இருக்கின்றன என்று கணக்கிடலாம். அந்த இடைவெளி 5.93 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) என்று காட்டும் பலமான கோடு வந்தால் ஒரு நீர் ஆக்சலேட், 6.18இல் வந்தால் இரு நீர் ஆக்சலேட். இரண்டும் கலந்திருந்தால் இரண்டு கோடும் வரும். சந்தேகத்துக்கு இடமே இல்லை. இதைக் கற்களுக்குப் பெரிய அளவில் பயன்படுத்தி 1947இலேயே கட்டுரை எழுதியவர்கள் அமெரிக்க மருத்துவர் எட்வின் பிரியனும், மேலே சொன்ன ஃப்ரான்டலும். ஃப்ரான்டல் ஒரு கனிமவியலாளர். மனிதக் கல்லையும் விண்கல்லையும் ஒரே கண்ணால் பார்த்தவர். ஆக்சலேட் படிகங்களுக்கு மருத்துவர்கள் இன்றும் சொல்லும் வெவலைட் (ஒரு நீர் கொண்டது), வெடலைட் (இரு நீர் கொண்டது) என்ற பெயர்கள்கூடக் கனிமவியல் பெயர்களே. வெடலைட், அண்டார்டிகாவின் வெடல் கடலடிச் சேற்றில் கிடைத்ததால் அந்தப் பெயர் பெற்றது. அதே படிகம் நம் சிறுநீரிலும், நுண்ணோக்கியில் பார்த்தால் தபால் உறை மாதிரி குறுக்குக்கோடு போட்ட சதுரமாக, மிதக்கிறது.

லான்ஸ்டேல் இந்த முறையோடு தன் கேள்வியைச் சேர்த்தார்: ஒரு படிகத்தின் மேல் வேறொரு படிகம் ஏன் வளர்கிறது?

கற்கண்டு காய்ச்சுபவர் பாகில் நூலைத் தொங்கவிடுவார். பாகு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், படிகம் பிடித்து வளர ஓர் இடம் வேண்டும். சிறுநீரும் அப்படித்தான். ஆரோக்கியமானவர்களின் சிறுநீரில்கூடக் கால்சியம் ஆக்சலேட் கரைதிறனுக்கு மேல்தான் இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலோருக்குக் கல் வருவதில்லை. ஆக, சிலருக்கு மட்டும் அந்த நூலாக இருப்பது எது? சில கற்களின் நடுவில் யூரிக் அமிலமும் சுற்றிலும் ஆக்சலேட்டும் இருப்பதைப் பார்த்திருந்தார்கள். எகிப்தின் எல் அம்ராவில் 1901இல் கண்டெடுத்த, பல்லாயிரம் ஆண்டு பழைய உடலின் கல்லிலும் நடு யூரிக் அமிலம்தான் (அந்தக் கல் 1941 லண்டன் குண்டுவீச்சில் அழிந்துபோனது). லான்ஸ்டேல் இரு படிகங்களின் முகங்களிலும் அணுக்களின் இடைவெளிகளை ஒப்பிட்டார். சில முகங்களில் அவை கிட்டத்தட்ட ஒன்றுபோலப் பொருந்தின. அப்படிப் பொருந்தும் முகத்தில் இரண்டாவது படிகம் குறைந்த ஆற்றல் செலவில் ஒட்டி வளர முடியும் என்று 1968இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். பித்தப்பைக் கல்லுக்கும் அதே வாதத்தை நீட்டினார்.

அது முழுக்கச் சரியா? இல்லை என்றுதான் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் ரோஸ்மேரி ரையால், புல்விந்தர் குரோவர் குழுவினர், கரைந்திருக்கும் யூரேட்டே ஆக்சலேட்டைக் கரைசலிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது, முகப்பொருத்தம் அவ்வளவு முக்கியமில்லை என்று காட்டினார்கள். ஆனால் யூரேட்டுக்கும் ஆக்சலேட் கல்லுக்கும் உறவு இருக்கிறது என்பது நின்றது. சிறுநீரில் யூரிக் அமிலம் அதிகமாகப் போகும் ஆக்சலேட் கல் நோயாளிகளுக்கு யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோப்யூரினால் மாத்திரை கொடுத்தால் கல் திரும்ப வருவது குறைகிறது என்று 1986இல் மருத்துவச் சோதனையே நிரூபித்தது. ஆராய்ச்சிக்கு வர நினைப்பவர் இதைக் கவனிக்க வேண்டும்: விளக்கம் திருத்தப்பட்டாலும், அவர் கேட்ட கேள்வி பலருக்கு வேலை கொடுத்தது, கடைசியில் நோயாளிக்கும் போய்ச் சேர்ந்தது.

அவருடைய வேலையில் எனக்கு இன்னும் பிடித்த பகுதி, பழைய கற்களையும் புதிய கற்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. 1966இல் 'சயன்ஸ்' இதழில் மேசன் என்பவரோடு சேர்ந்து, முற்காலக் கற்களிலும் தற்காலக் கற்களிலும் உள்ள யூரிக் அமில, யூரேட் வகைகளைப் பற்றி எழுதினார். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஏழைக் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப்பையில் கல் வருவது சர்வசாதாரணம். நாரிச்சில் மருத்துவமனை கட்டியபோது கல் அறுவைக்கு அது பேர்போன இடமாகி, எடுத்த கற்களைச் சேர்த்தும் வைத்தார்கள். பிறகு அந்த நோய் அங்கே தானாகவே மறைந்தது. மருந்தால் இல்லை, சாப்பாடு மாறியதால். இன்று பெரியவர்களுக்கு வரும் ஆக்சலேட் சிறுநீரகக் கல், வசதி பெருகிய இடங்களில் கூடுகிறது. இரண்டையும் "கல்" என்ற ஒரே சொல்லால் சொன்னாலும் இரண்டும் வெவ்வேறு நோய்கள்; படிகத்தைப் பார்த்தால் அது கண்ணுக்கே தெரியும்.

இந்த இடத்தில் நம் குன்னூரைச் சொல்லாமல் விட முடியாது. அங்கிருந்த பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ராபர்ட் மெக்காரிசன் 1920களில் எலிகளுக்கு விதவிதமான உணவு கொடுத்துப் பார்த்தார். தானிய மாவை மட்டுமே நம்பிய உணவில் எலிகளின் சிறுநீர்ப்பையில் கல் வந்தது. பால் சேர்த்தால் வரவில்லை. வடமேற்கு இந்தியாவில் கல் நோய் ஏன் மிகுதி என்ற கேள்விக்கு அவர் தேடிய விடை அது. 1960களில் தாய்லாந்தின் வடகிழக்கில், பிறந்த சில நாட்களிலேயே சோறு ஊட்டப்பட்ட குழந்தைகளிடம் இதே பிரச்சினையை ஆராய்ந்தவர்கள், உணவில் பாஸ்பேட் சேர்த்ததும் சிறுநீரில் படிகம் குறைவதைக் கண்டார்கள். அதே பத்தாண்டில்தான் லண்டனில் லான்ஸ்டேல் கற்களை அறுத்துக்கொண்டிருந்தார். குன்னூர் எலிக்கூண்டு, தாய்லாந்துக் கிராமம், லண்டன் எக்ஸ் கதிர்க் குழாய் மூன்றும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகிறது.

அடுத்து, லான்ஸ்டேலைவிட இன்னும் குறைவாகப் பேசப்படும் ஒருவர். ஜூன் சூட்டர், நியூசிலாந்துக்காரர். ஆக்லாந்தில் ஒரு முனைவர் பட்டம், கேம்பிரிட்ஜில் இன்னொன்று. காபியில் இருக்கும் கஃபீனின் படிக அமைப்பை 1958இல் வெளியிட்டவர். 1962இல், கார்பனோடு இணைந்த ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பு வைத்துக்கொள்ளும் என்று படிகத் தரவுகளைக் காட்டிச் சொன்னார். பாடப்புத்தகப்படி அது நடக்கக் கூடாத விஷயம். 1968இல் ஜெரி டோனஹ்யூ என்ற பெயர்பெற்ற படிகவியலாளர் அதைக் கடுமையாக மறுத்து எழுத, அந்தக் கருத்து கிட்டத்தட்ட ஓரம் கட்டப்பட்டது. 1982இல் ராபின் டெய்லரும் ஓல்கா கெனார்டும், சேர்ந்திருந்த படிகத் தரவுகளைக் கொண்டு சூட்டர் சொன்னது சரி என்று நிறுவினார்கள். இன்று புரதங்களின் வடிவத்தைப் பேசும்போது அந்தப் பிணைப்பு இல்லாமல் பேச முடியாது.

சூட்டர் அதற்குள் லான்ஸ்டேலின் ஆய்வகத்துக்கு வந்து கற்களில் முழுமையாக இறங்கியிருந்தார். பிரிட்டனின் பல பகுதிகளிலிருந்தும் வந்த கற்களை வயது, பால், இடம் என்று பிரித்து எவருக்கு எந்தப் படிகம் வருகிறது என்று வரிசைப்படுத்தினார். சிறுநீரில் படிக வளர்ச்சியைத் தடுக்கும் பொருட்களையும் தேடினார். 1971இல் லான்ஸ்டேல் மறைந்த பிறகும் அந்த வேலை தொடர்ந்தது. ஆயிரம் கல்லைப் பொறுமையாக அடையாளம் கண்டு அட்டவணை போடுவது எந்தப் பரிசையும் வாங்கித் தராது. ஆனால் "பெண்களுக்கு ஏன் அந்த வகை அதிகம், வயதானால் ஏன் இந்த வகை" என்று ஒரு மருத்துவர் யோசிக்கத் தொடங்குவது அந்த அட்டவணையிலிருந்துதான்.

நீங்கள் கேட்ட "படிகம் சார்ந்த நோய்கள்" சிறுநீரகத்தோடு நிற்பதில்லை. கவுட் என்ற மூட்டுவலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1961இல் பிலடெல்பியாவில் டேனியல் மெக்கார்ட்டியும் ஜோசப் ஹாலண்டரும், வீங்கிய மூட்டின் நீரை முனைவாக்கிய ஒளியில் பார்த்து ஊசி ஊசியாக யூரேட் படிகங்கள் மின்னுவதைக் கண்டார்கள். முனைவாக்கிய ஒளி என்பது ஒரே தளத்தில் அதிரும் ஒளி; கனிமவியலாளர் பாறையைப் பார்க்கும் கருவி. அதே மருத்துவ அறிகுறி இருந்தும் சில நோயாளிகளிடம் யூரேட் இல்லை, வேறு வடிவப் படிகம் இருந்தது. அது கால்சியம் பைரோபாஸ்பேட் என்று அடையாளம் கண்டதும், புதிய நோய் ஒன்றே பிரிந்து வந்தது: சூடோகவுட். படிகம்தான் வலிக்குக் காரணமா, இல்லை வெறும் விளைவா என்ற சந்தேகத்தைத் தீர்க்க, மெக்கார்ட்டியும் ஃபெயர்ஸ் என்ற உடன் ஆய்வாளரும் தங்கள் முழங்காலிலேயே யூரேட் படிகத்தை ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார்கள். கடுமையான வலி வந்தது. 1962இல் 'லான்செட்' இதழில் அதை எழுதினார்கள். அந்தப் படிகம் உயிரணுவுக்குள் எந்தச் சங்கிலியை இழுத்து அழற்சியை மூட்டுகிறது என்பதை 2006இல் சுவிட்சர்லாந்தில் யூர்க் சோப் குழு கண்டுபிடித்தது. ஆக்சலேட் படிகம் சிறுநீரகத்தைச் சேதப்படுத்துவதிலும் அதே சங்கிலிக்குப் பங்கு உண்டு என்று பிறகு தெரிந்தது.

சிறுநீரகக் கல்லின் "நூல்" எது என்ற கேள்விக்கு வருகிறேன். பென்சில்வேனியாவின் அலெக்சாண்டர் ராண்டால் 1937இலேயே, பிரேதப் பரிசோதனைச் சிறுநீரகங்களை நூற்றுக்கணக்கில் திறந்து பார்த்து, சிறுநீரகக் காம்பின் (சிறுநீர் வடிந்து வெளியேறும் கூம்புப் பகுதி) நுனியில் வெள்ளைப் படிவு இருப்பதையும் அதன் மேல் சிறு கல் ஒட்டியிருப்பதையும் சொல்லியிருந்தார். 2003இல் ஆண்ட்ரூ எவன், ஃப்ரெட் கோ குழுவினர் நோயாளிகளிடமிருந்து எடுத்த திசுவில் அந்தப் படிவு எங்கே தொடங்குகிறது என்று காட்டினார்கள்: மிக மெல்லிய குழல்களின் அடித்தளச் சவ்வில், அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் மணிகளாக. அதன்மேல்தான் ஆக்சலேட் கட்டுகிறது. மறுபடியும் ஒரு படிகத்தின் மேல் இன்னொரு படிகம். லான்ஸ்டேலின் கேள்வி வேறு ஜோடியோடு திரும்பி வந்திருக்கிறது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

இன்றைக்கு இந்தத் துறையில் மிகத் துடிப்பான வேலை, வளரும் படிகத்தின் பரப்பை, நுண்ணிய ஊசியால் தடவிப் படமெடுக்கும் அணுவிசை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்ப்பது. படிகம் மாடிப்படி போலப் படிகளாக வளரும். அந்தப் படிகளின் விளிம்பில் எந்த மூலக்கூறு போய் உட்கார்ந்தால் வளர்ச்சி நிற்கும் என்று தேடுகிறார்கள். ஹூஸ்டனில் ஜெஃப்ரி ரைமர் குழு 2016இல் 'நேச்சர்' இதழில், ஹைட்ராக்சிசிட்ரேட் என்ற பொருள் ஆக்சலேட் படிகத்தின் வளர்ச்சியை நிறுத்துவதோடு, சில நிலைகளில் கரைக்கவும் செய்கிறது என்று காட்டியது. அந்தப் பொருள் நிறைந்திருப்பது நம் ஊர் மீன்குழம்பில் போடும் குடம்புளியில். உடனே குடம்புளிச் சாறு குடிக்கக் கிளம்ப வேண்டாம். ஆய்வகத்துப் படிகத்தில் நடப்பது வேறு, மருந்தாக நிரூபிப்பது வேறு. அதன் சாற்றை வைத்து விற்கும் எடைகுறைப்பு மாத்திரைகளால் கல்லீரல் பாதித்த செய்திகளும் உண்டு.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சோடியம் மெட்டாசிலிகேட் ஜெல்லில் ஆக்சலேட் படிகமும், ஸ்ட்ருவைட், ப்ருஷைட் என்ற பாஸ்பேட் படிகங்களும் வளர்ப்பது எம்.எஸ்சி. திட்டங்களில் வழக்கமான ஒன்று. ஜெல்லில் ஆக்சாலிக் அமிலத்தைக் கலந்து உறையவிட்டு, மேலே கால்சியம் குளோரைடை மெதுவாக ஊற்றினால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெள்ளைப் படலமும் அதற்குக் கீழே சிறு படிகங்களும் வரும். கை பழக அருமையான சோதனை. ஆனால் அதில் ஏதோ ஒரு மூலிகைச் சாற்றை ஊற்றிவிட்டு, படிகம் சிறுத்தது என்று கட்டுரை எழுதுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். சோதனைக் குழாயில் சிறுநீரின் புரதங்கள் இல்லை, சிட்ரேட் இல்லை, ஓட்டம் இல்லை, காம்பு நுனியின் படிவும் இல்லை. அதைத் தாண்டிப் போக வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டுச் சொல்கிறேன்.

முதலில் பொடி எக்ஸ் கதிர் முறையையும் அகச்சிவப்பு நிறமாலையையும் கலவைகளை வைத்துப் பழகுங்கள். தூய பொருளை யார் வேண்டுமானாலும் அடையாளம் காணலாம், கல் ஒருநாளும் தூய பொருளாக வராது. அப்புறம் பக்கத்து மருத்துவக் கல்லூரியின் யூராலஜி துறையில் பேசி, நெறிமுறைக் குழு அனுமதியோடு, எடுக்கும் கற்களைக் கேளுங்கள். எத்தனையோ இடங்களில் அவை பகுப்பாய்வுக்குப் போகாமலே குப்பைக்குப் போகின்றன. கல்லோடு நோயாளியின் வயது, உணவு, குடிக்கும் தண்ணீர், 24 மணி நேரச் சிறுநீர் அளவுகள் ஆகியவற்றையும் பெயர் நீக்கி வாங்குங்கள். பொடியாக்கிக் கொடுக்க வேண்டாம், முழுசாகவோ பெரிய துண்டாகவோ கொடுங்கள் என்று சொல்லி வையுங்கள். லேசரால் உடைத்த கல்லில் அடுக்கு வரிசை பாதி போய்விடும். அப்போதும் தானே வெளியேறிய சிறு கற்கள் கிடைக்கும், அவற்றின் ஒட்டியிருந்த பக்கத்தை நுண்ணோக்கியில் முதலில் பாருங்கள். அபடைட் படிவின் தடம் இருந்தால் அங்கேதான் இருக்கும்.

வீட்டில் கேட்டால், இந்தத் துறைக்கு இயற்பியல் படித்தவர்கள் தேவை என்பதற்கு மேலே சொன்ன பெயர்களைச் சொல்லுங்கள். லான்ஸ்டேல் ஒரு நோயாளிக்கும் மருந்து எழுதிக் கொடுத்ததில்லை.